பிள்ளை சுமந்த மாதங்களில் மட்டும்

நல்லெண்ணெயில் பூண்டு வதங்கும் வாசம். பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஊருக்கு அது மங்கல வாசம். எனக்கு மட்டும், அக்காவின் விரல்கள் மறுபடியும் மடங்கத் தொடங்கும் வாசம்.

சிங்கப்பூரில், தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைக்கு மேலே ஒற்றை அறை. ஐம்பதுகளின் கடைசியில் அக்கா அங்கே வாழ்க்கைப்பட்டாள். அத்தானுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. அவருடைய அம்மாவை நாங்கள் இருவருமே அத்தை என்றோம். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் போய் அவர்களுக்குச் சமைத்து வைப்பேன். கல்யாணமான வருஷமே அக்காவின் விரல் முட்டிகள் வீங்கிவிட்டன. விடிந்தால் கை கல்லாகிவிடும். தலை சீவிவிடக்கூட ஆள் வேண்டும்.

பிறகு அவள் முழுகாமல் இருந்தாள். வீக்கம் தானாக வடிந்தது. வளைகாப்பில் கண்ணாடி வளையல்கள் முட்டியில் இடிக்காமல் ஏறின. அக்கா இரண்டு கைகளையும் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள்.

"பாத்தீங்களா, புள்ளதான் இவளுக்கு மருந்து!" வந்தவர்களிடமெல்லாம் அத்தை சொன்னாள்.

பிள்ளை பிறந்த சில வாரங்களில் வலி திரும்பியது. கழற்றாமல் விட்ட வளையல்கள் கையை விட்டு வரவில்லை. துணியைச் சுற்றி நான் உடைத்தேன். பாலுக்கு அழுத பிள்ளையை அக்கா முழங்கைகளால் தூக்கினாள். அத்தை கண்ணாடித் துண்டுகளைக் கூட்டியபடியே சொன்னாள்: "அடுத்தது வந்தா சரியாயிடும்."

அத்தான் வேட்டியை இறுக்கிக்கொண்டு, "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

அடுத்தது வந்தது. சரியாயிற்று. பிறந்தது. முன்னைவிட மோசமாயிற்று.

ஆஸ்பத்திரிக்கு நானும் அத்தையும் அழைத்துப் போனோம். அக்காவின் ரத்த நீரைச் செம்மறியாட்டு ரத்த அணுக்களோடு கலந்து பார்த்தார்கள். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முடக்குவாதம்தான் என்றார்கள். டாக்டர் சீனர், இளையவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழாக்கினேன்.

"ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்காம் அத்தை, காவக்காரங்க மாதிரி. கிருமிய அடிக்க வேண்டியது, ஆள் தெரியாம இவ மூட்டுங்களையே அடிக்குதாம்."

"புள்ள வயித்துல இருந்தா மட்டும் ஏன் அடிக்கல? கேளு உன் டாக்டர!"

கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். முழுசாக யாருக்கும் தெரியாது என்றார். பிள்ளை பாதி தகப்பனுடையது, தாயின் உடம்புக்கு அந்தப் பாதி அந்நியன். அவனை விரட்டாமலிருக்க உடம்பு தன் காவலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறதோ என்னவோ. பெற்ற பிறகு காவல் திரும்பும், மூர்க்கமாக. இன்னொரு பிள்ளை வேண்டாம், கைகள் போய்விடும்.

அத்தனையும் சொன்னேன். அத்தை பாதியோடு எழுந்துவிட்டாள்.

"பாத்தியா, டாக்டரே ஒத்துக்கிட்டாரு லா!"

பிற்பாடு எவ்வளவோ படித்துவிட்டேன். கிருமியைப் பிடிக்க உடம்பே செய்த எதிர்ப்பொருளை எதிரியென்று பற்றிக்கொள்ளும் இன்னோர் எதிர்ப்பொருளாம்; மூட்டின் மெல்லிய சவ்வில் கூட்டம் கூட்டமாகக் குடியேறி எலும்பை அரிக்கும் அணுக்களாம். படிக்கப் படிக்க எனக்கு அந்த அறைதான் தெரிகிறது. காக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே உடம்பின் மேல் ஏறி நின்ற அறை.

எனக்கு மலாயாப் பக்கம் ஈப்போவில் கல்யாணம் முடிந்தது. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு அக்கா வழியனுப்ப வந்தாள். மூன்றாவது பிள்ளை; வயிறு தெரிந்தது. என் பெட்டியை அவளே தூக்கி வந்தாள், கேட்டும் தரவில்லை.

"டாக்டர் சொன்னது உனக்குப் புரிஞ்சுதுல்லக்கா?"

"புரியாம என்ன?"

"அப்புறம் ஏன்? அத்தை சொல்றாங்கன்னுதானா?"

"இந்தத் தடவ அத்தை சொல்லல. நான்தான் கேட்டேன்."

வண்டி ஊதியது. நான் அழுதேன், கோபத்தில். அவள் ஐந்து விரலும் நேராக நிற்க என் கன்னத்தைத் துடைத்தாள்.

"ஏறு, ஏறு. வலி இல்லாம இருக்கறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதுடி. நீ எப்பவும் அதுலயே இருக்க."