சாமி வில்லுக்கு ஒட்டிய ஆட்டுத்தோல்

என் வீட்டுக்காரர் தச்சர். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். முன்கட்டு பட்டறை, பின்கட்டு குடித்தனம். மேசை நாற்காலி செய்கிற மனிதர் எப்படி வில் செய்யப் போனார் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் பினாங்கில் வெள்ளைக்காரத் துரைசானிகள் சிலர் பொழுதுபோக்காக அம்பு விடுவார்கள். அவர்களில் ஒருத்தியின் வில் வெடித்துப்போய் செப்பனிட வந்தது. பிரித்துப் பார்த்தார், கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவ்வப்போது ஒன்றிரண்டு வில் செய்து கொடுத்து வந்தார்.

வில்லை வளைக்கும்போது அதன் முதுகுதான் முதலில் பிளக்கும். பிளக்காமல் இருக்க முதுகு நெடுக பச்சைத்தோல் ஒட்டவேண்டும். பதனிடாத ஆட்டுத்தோல். மரத்தை இழைப்பது அவர், தோல் முழுக்க என் பாடு. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரைச் சுரண்டி, உள்பக்கத்துச் சவ்வை வழித்து, பட்டையாக அறுத்துக்கொள்வேன். வச்சிரப் பசையை உருக்கித் தடவி, தோலை ஈரத்தோடு மரத்தில் படியவைத்து, குமிழி நிற்காமல் கட்டைவிரலால் நீவி, துணிநாடா சுற்றிக் காயவிடுவேன். அவர் ஒட்டினால் சுருக்கம் விழும். நான் ஒட்டினால் தோல் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று நகத்துக்கே தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். துரைசானிகள் வந்து அவரைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். நான் திரைக்குப் பின்னால் நாற்றமடிக்கும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு விஜயதசமியன்று சாமி அம்பு போடும்போது கோயில் வில் கூட்டத்துக்கு நடுவே முறிந்துபோனது. அபசகுனம் என்று ஊரே பேசியது. மறுவருஷம் முறியாத வில் வேண்டும் என்று கோயில் தலைவரே எங்கள் பட்டறைக்கு வந்து சொன்னார். அன்றைக்கே எனக்கு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. இந்த ஒரு வில்லுக்காவது, இதில் என் கையும் இருக்கிறது என்று இவர் நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்லவேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்தேன்.

“பொம்பள கை பட்டதுன்னா கோயில்ல எடுப்பாங்களா? சும்மா இரு லா,” என்றார்.

“அப்ப தோலு மட்டும் ஆகுமா? அதையாவது கேட்டீங்களா?”

“தவிலுக்கு ஆகுது, வில்லுக்கு ஆகாதா? மேல சாயம் பூசிட்டா யாருக்குத் தெரியும்?”

தோல் வேலை வந்ததோ அடுத்த வருஷத்துப் புரட்டாசி மாதத்தில். எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் கறி கிடையாது. நான் கறிக்கடை முஸ்லிம் நானாவிடம் தோல் வாங்கி, கீரைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஊறப்போட்ட அன்றே அடுத்த வீட்டுக்காரி மோப்பம் பிடித்துவிட்டாள்.

“என்னக்கா, புரட்டாசியில கறி வாசம் வருது?”

“டோலக்குக்குத் தோலு,” என்று புளுகினேன். அவள் நம்பிய மாதிரி தலையாட்டிவிட்டுப் போனாள்.

விடாத மழை வேறு. அது கறுப்பாட்டுத் தோல். ஒரு நுனியில் கொஞ்சம் மயிர் என்ன சுரண்டியும் போகவில்லை. நாள் நெருங்கிவிட்டதே என்று அப்படியே ஒட்டி, அந்த இடத்தில் பட்டுநூலைச் சுற்றி மறைத்தேன். அவர் சிவப்புச் சாயம் பூசி, வார்னிஷ் அடித்து, தங்கக் காகிதம் ஒட்டினார். நான் பார்த்த வில்லிலெல்லாம் அதுதான் அழகு.

விஜயதசமியன்று கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். குருக்கள் வில்லை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, பால்குடத்தைச் சாய்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமி கைக்குப் போகிற எதுவும் முதலில் குளிக்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து அபிஷேகம் பார்க்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. பால், தயிர், இளநீர், மஞ்சள் தண்ணீர். மந்திரம் முடிகிறவரை வில் அந்தத் தாம்பாளத்திலேயே ஊறிக் கிடந்தது. நாண் ஏற்றிப் பார்த்தபோதே வார்னிஷில் கீறல் விழுந்திருக்கவேண்டும்; அது வழியாக ஈரம் இறங்கி வச்சிரப் பசை இளகிவிட்டது. தங்கக் காகிதம் முதலில் மிதந்தது. குருக்கள் எடுத்துத் துடைத்தார். பட்டுநூல் நழுவியது. தோல் தளதளவென்று கழன்று அவர் விரலில் சுற்றிக்கொண்டது, நுனியில் கறுப்பு மயிரோடு.

“தோலு!” என்று உதறினார். வாசம் முன்வரிசைவரை வந்தது.

“என்னய்யா இது?” என்றார் தலைவர்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “மரவேலைதாங்க என்னுது. தோலு நான் ஒட்டுறதில்ல. வீட்டுல அவதான் ஒட்டுவா. எல்லா வில்லுக்கும் அவதான்.”

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அடுத்த வீட்டுக்காரி புடவையை ஒதுக்கிக்கொண்டு, “இதுதான் டோலக்காக்கா?” என்றாள். பூமி பிளந்து விழுங்காதா என்று இருந்தது.

யாரோ பந்தலிலிருந்து ஒரு மூங்கில் பட்டையைப் பிளந்து நூல் கட்டிக் கொடுத்தார்கள். சாமி அதை வைத்தே வாழைமரத்தில் அம்பு போட்டது. மூங்கில் முறியவில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதற்குத் தோலும் தேவைப்படவில்லை, நாங்களும் தேவைப்படவில்லை.

வில்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் என் பின்னால் வந்தார். எங்கள் வீட்டு முன்நடையான அஞ்சடியில் ஏறும்போது, “பயத்துல உன்னைக் காட்டிக் குடுத்துட்டேன். மனசுல வச்சுக்காத,” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன். கோபம் என்று நினைத்துக்கொண்டார். சாகும்வரை அப்படித்தான் நினைத்தார்.

கோபம் இல்லை. ஈரத்தோல் தரையில் கிடக்க, குருக்கள் கையைக் கழுவிக்கொண்டிருக்க, ஊரே முகம் சுளிக்க, “எல்லா வில்லுக்கும் அவதான்” என்று அவர் சொன்னாரே, அப்போது என் மனசு குளிர்ந்துபோனது. அவமானத்தில் அவர் தலைகுனிந்து நிற்கும்போது நான் குளிர்ந்துபோனேன். இதை எந்த முகத்தோடு அவரிடம் சொல்வேன்?