பங்களாவிலிருந்து வந்த ஜன்னல்

ஜன்னல் வைத்த அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், ஐந்து வயது மகள், பக்கத்துக் காம்பரா அக்கா, மரவேலை செய்யும் சிங்களப் பாஸ். ஆறாவதாக யாரும் இல்லை. இதை ஏன் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்றால், அன்று நடந்த பிழையைப் பற்றி லயத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பாஸ் ஏமாற்றிவிட்டார் என்றுகூடப் பேச்சு. அது பொய். பிழை என்னுடையது.

எங்கள் லயம் நமுனுகுல மலைக்குக் கீழே; ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. காம்பராவின் பின்சுவரில் ஒரு பலகை ஜன்னல் இருந்தது. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழை அந்தச் சுவரில்தான் வந்து அறையும். மற்ற மாதங்களில் காற்று. அதனால் வருஷம் முழுக்க அதைச் சாத்தியே வைத்திருந்தோம். சுவர் ஊறி, சுண்ணாம்பு உப்பி, தொட்டால் கையோடு வரும். மகளுக்கு இழுப்பு. அவள் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ சீட்டி அடிப்பது போலிருக்கும். தோட்டத்து மருந்துக்காரர் ஒரு நாள் நேராகவே சொல்லிவிட்டார்: "சுவர் காயணும், உள்ளுக்கு வெளிச்சம் வரணும். இல்லாட்டி அடுத்த மழைய இந்தப் புள்ள தாங்காது."

நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடையைத் தூக்கியவள். எதையும் எழுதி வைத்துக் கவலைப்படத் தெரியாது. எல்லாவற்றையும் மனசில் வைத்தே கவலைப்படுவேன். மருந்துக்காரர் சொன்ன அந்த "அடுத்த மழை" என்னோடு மலைக்கு வந்தது, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றது, அடுப்படியில் குந்தியது.

அந்தச் சமயத்தில் துரை பங்களாவுக்குப் புது ஜன்னல்கள் போட்டார்கள். கழற்றிய பழையவற்றைத் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் சாத்தி வைத்து, வேண்டியவர்கள் காசு கட்டி எடுத்துப் போகலாம் என்றார்கள். நானும் வீட்டுக்காரரும் போனோம். பதினொரு ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் நமுனுகுல மலை நின்றது. பதினொரு மலை!

வீட்டுக்காரர் ஆகப் பெரியதைப் பிடித்தார். "இத எடுப்போம் புள்ள. கண்ணாடி ஒண்ணுகூட ஒடையல."

"கண்ணாடிய விடுங்க. மரத்தப் பாப்போம்."

கொழுந்து இளசா முத்தலா என்று பார்த்துப் பழகிய விரல். சட்டங்களின் அடிக்கட்டையில் நகத்தை அழுத்திக்கொண்டே போனேன். பெரியதில் நகம் வெண்ணெயில் போல இறங்கியது. வர்ணத்துக்குக் கீழே உளுத்த மரம். எட்டாவது ஜன்னலில்தான் நகம் நின்றது. சின்னது, நாலு கண்ணாடி, ஒன்றில் மூலையில் கீறல். அதை எடுத்தோம். மனசுக்குள் மட்டும், கீறல் பெரிதாகிவிடுமோ என்று அப்போதே தொடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ் வந்தார். பலகையைப் பெயர்த்துவிட்டு, பங்களாச் சட்டத்தைத் தூக்கி வைத்தார். ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. லயத்தில் எந்தக் கதவும் வெளியே திறக்காது. முன்னால் இருப்பது எல்லாருக்கும் பொதுவான இஸ்தோப்பு, ஆட்கள் நடக்கிற தாழ்வாரம். விறகுக் கட்டோடு வருகிறவர் தலையில் இடிக்கும். ஆகவே கதவு என்றால் உள்ளே திறப்பது. எனக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

"திருப்பி வைங்க பாஸ். காத்து புடுங்கிட்டுப் போயிரும்."

"இது அப்படி வைக்கிறது இல்ல தங்கச்சி," என்றார் பாஸ்.

அக்கா வாசலில் நின்று சிரித்தாள். "சொல்றதச் செய்ங்க பாஸ். தொரையம்மா உத்தரவு! அடியே, நாளையிலருந்து கண்ணாடிக்குள்ளருந்துதான் எங்களோட பேசுவியா?"

பாஸ் தோளைக் குலுக்கிவிட்டுத் திருப்பி வைத்தார்.

அவர் கையை எடுத்ததும் வெளிச்சம் உள்ளே வந்தது. தரையில் நாலு கட்டம், வெள்ளையாக. ஏழு வருஷம் நான் சமைத்த அடுப்பு இவ்வளவு கறுப்பென்று அன்றுதான் கண்டேன். மகள் ஒரு கட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றாள்.

மூன்றாம் நாள் மழை. கதவைச் சாத்திக்கொண்டு, நனையாமல், குளிராமல், மழையைப் பார்த்தேன். தேயிலை மீது அது வெள்ளைத் துணிபோல நகர்ந்து வந்தது. இப்படி ஒன்றைத் துரைமார் தினமும் பார்த்திருக்கிறார்களே என்று நினைத்தபடி நிற்கையில், கால் ஈரமானது.

அடிக்கட்டையைச் சரிவாகச் சீவியிருந்தார்கள்; தண்ணீர் வெளியே வழியத்தான் அந்தச் சரிவு. நான் திருப்பச் சொன்னதில் சரிவு உள்ளே வந்துவிட்டது. மழை அத்தனையும் வரிசையாக எங்கள் சுவரில் இறங்கி, மகளின் பாயை நனைத்தது. அவள் நெஞ்சில் சீட்டி தொடங்கிவிட்டது.

திருப்பி வைக்கவேண்டும், சிமெந்து, கண்ணாடி பதிக்கப் புட்டி வேண்டும். கழற்றினால் கீறல் கண்ணாடி மிஞ்சாது. சுவருக்கும் வெளியே தகரம் அடித்தால்தான் காயும் என்றார் பாஸ். எங்களிடம் இருந்ததெல்லாம் ஜன்னலுக்கே போய்விட்டது. அக்கா தன் சேலை முடிச்சை அவிழ்த்து முப்பது ரூபாயை என் மடியில் போட்டாள்.

"வேணாங்கக்கா, எப்பத் திருப்பித் தருவேனோ..."

"ஒனக்கா குடுக்கிறேன்? நம்ம நடுச் சுவருக்கு மேல கூரை வரைக்கும் தடுப்பு இல்ல. இந்தப் புள்ள இழுக்கிறது பூராவும் என் காதுலதான் விழுது. நான் தூங்க வேணாமா?"

பாஸ் சிரிக்காமல் வந்து திருப்பி வைத்தார். வீட்டுக்காரர் பழைய தார் பீப்பாய்களை வெட்டித் தட்டி நேராக்கி, பின்சுவரில் கீழிருந்து மேலே அடித்துக்கொண்டு போனார். மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மீது நாலு விரல் ஏறி நிற்கும்படி. ஆணித் தலை ஒவ்வொன்றிலும் நான் தார் வைத்தேன். அதற்குப் பிறகு வருஷா வருஷம், தை கழிந்ததும் அதுதான் வேலை: தார் வைப்பது, வெடித்த புட்டியைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவது, கீலுக்கு மண்ணெண்ணெய். ஓர் ஆணியையாவது விட்டுவிட்டேனோ என்று இரண்டாம் தடவையும் போய்ப் பார்ப்பேன்.

ஜன்னல் வைத்த அந்த வருஷம் மார்கழியில் ஒரு நாள். வெளியே கொட்டுகிற மழை. சுவரைத் தடவினேன், காய்ந்திருந்தது. மகள் பெட்டியில் ஏறி நின்று கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படர்ந்தது, மறைந்தது, படர்ந்தது. ஒரு பிள்ளையின் மூச்சைக் கண்ணால் பார்க்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எண்ணிக்கொண்டே நின்றேன். நூறு வரை எண்ணினேன். சீட்டிச் சத்தம் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "என்னாடி, புள்ள மூச்சு விடுதா? ஒரு சத்தத்தையும் காணோம், எனக்குப் பயமா இருக்கு."

"விடுதுங்கக்கா. கண்ணால பாக்கிறேன்."

அடுத்த வருஷம் அக்கா குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகப் பத்திரம் வந்தது. பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டோம். அவள் விலாசம் எழுதித் தரவில்லை. அங்கே எந்த ஊர் என்று அவளுக்கே தெரியாது. அதுவரை சிறுகச் சிறுக நான் கொடுத்திருந்தது பதினொன்று ஐம்பது. பாக்கி பதினெட்டு ரூபாய் ஐம்பது சதம்.