பகை விட்டுப்போன பாராட்டு மடல்

அம்பாசமுத்திரத்தில் நான் தமிழாசிரியையாக இருந்த பள்ளியில், தலைமையாசிரியரின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டுமென்று பதினோரு வருஷம் முயன்றிருக்கிறேன். என் பாடத்தில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் தேறிய வருஷம், மதிப்பெண் பட்டியலைக் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அந்த ரெண்டு பேரும் ஏன் தேறல?" என்றார்.

அவர் ஓய்வுபெற்றபோது பாராட்டு மடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நேரத்துக்கு வருவார், லீவு எடுக்க மாட்டார். அதற்குமேல் மூன்று நாளாகியும் ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் அந்தச் சொல்லே கைகொடுத்தது. பாராட்டுவது என்றால் புகழ்வது மட்டுமல்ல, ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும்தான். உறவு பாராட்டலாம், உரிமை பாராட்டலாம், பகையும் பாராட்டலாம் என்று வகுப்பில் வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பவள் நான். 'இத்தனை ஆண்டுப் பணியில் இவர் எவரிடமும் பகை பாராட்டியதில்லை' என்று எழுதினேன். பொய்யில்லை. எங்கள் எல்லோரையும் ஒரே மாதிரிதான் திட்டினார்.

அச்சகத்தில் 'பகை' விட்டுப்போயிற்று. 'எவரிடமும் பாராட்டியதில்லை' என்று தமிழ் தப்பாக நிற்பதைக் கண்ட அச்சக அண்ணாச்சி, மொழிமேல் உள்ள அக்கறையில் 'எவரிடமும்' என்பதை 'எவரையும்' என்று திருத்தியும் விட்டார். சட்டம் போட்டு வந்த மடலை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேடையில் வாசிக்கிற வேகத்தில் கண்ணுக்கு முன்னால் வாய் போய்விட்டது.

"இத்தனை ஆண்டுப் பணியில் இவர் எவரையும் பாராட்டியதில்லை."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய கைதட்டல் அதுதான். அவர் முகத்தைப் பார்க்காமல் மீதியை வாசித்து முடித்தேன்.

மறுநாள் காலை சீவலப்பேரியில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அவர் போன் செய்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"டீச்சர், அந்த ஒரு வரி நீங்க எழுதுனதுதானா?"

"சார், அது வந்து..."

"மத்ததெல்லாம் எல்லா மடல்லயும் இருக்கதுதான். அது ஒண்ணுதான் என்னயப் பாத்து எழுதுன வரி. நல்லா எழுதியிருக்கிய."

பதினோரு வருஷம் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதைத் தூக்கி அச்சக அண்ணாச்சிக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"ரொம்ப நன்றி சார்" என்றேன்.