லில்லியின் கடையில் கலையரசி

வீட்டுப் பூஜையறைகளில் இருக்கும் சின்ன அம்மன் சிலைகளுக்குப் பட்டுப் பாவாடை தைப்பது லில்லியின் தொழில். சொந்த ஊர் முசரவாக்கம். கணவன் ஜான்சன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, சேலைக் கடைகளில் மிஞ்சும் துண்டுப் பட்டை வாங்கி வந்து தைப்பாள். சிலைகளை அவள் பார்ப்பதில்லை. உயரமும் இடுப்பளவும் மட்டும் வாட்ஸப்பில் வரும். தைக்கத் தைக்க முகத்தை அவளே நினைத்துக்கொள்வாள். இவள் கொஞ்சம் கோபக்காரி, இவள் சிரித்த முகம் என்று. தெருவிலிருந்து தறிச் சத்தம் ஏறி வந்துகொண்டே இருக்கும். கை அதுபாட்டுக்குத் தைக்கும். மனசு யாரோ ஒருவரின் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்துகொண்டிருக்கும்.

வெளிநாட்டிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். கார்டில் பணம் கட்ட வழி இல்லை என்றதும் போய்விட்டார்கள். கீழ் வீட்டில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் பிரவீனாதான் இணையதளம் ஒன்று அமைத்து, கார்டுப் பணம் வாங்கித் தரும் கம்பெனி ஒன்றில் விண்ணப்பம் போட்டாள்.

"அக்கா, பொருளத் திருப்பி அனுப்பினா இன்னா செய்வீங்கன்னு எழுதணுமாம்."

"சாமிக்குக் கட்டினத யாருமா திருப்பி அனுப்புவாங்க?"

"கட்டறதுக்கு முன்னாடியே அளவு சரியில்லன்னா?"

லில்லி யோசித்தாள். "கட்டாததுன்னா வாங்கிக்கிறேன்னு போடு. கட்டிட்டா அது அவளோடது."

லில்லி என்ற பெயரில் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. பான் கார்டிலும் வங்கியிலும் அவள் பெயர் கலையரசி. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா கொடுத்த பெயர் அது. மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற லில்லி என்ற பெயரைத்தான் வீடும் தெருவும் கூப்பிட்டன. பிரவீனா பெயரை மாற்றி அனுப்பினாள். சில நாளில் வெளிநாட்டுக் கார்டுக்கும் அனுமதி கிடைத்தது. "வணக்கம், கலையரசி" என்றது திரை.

லில்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு யாரும் கூப்பிடாத பெயர். ரெட்டைப் பின்னலோடு கடைசி பெஞ்சில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, எழுந்து வந்து இவளுக்காகக் கடையைத் திறந்ததுபோல இருந்தது.

முதல் ஆர்டர் டொரண்டோவில் இருக்கும் சுகாசினியிடமிருந்து வந்தது. அரக்குச் சிவப்புப் பாவாடை தைத்துக் கூரியரில் போட்டாள். அடுத்த மாதம் ஒரு மெயில் வந்தது. இந்தப் பணத்தைத் தான் கட்டவே இல்லை என்று சுகாசினி தன் வங்கியில் புகார் கொடுத்திருந்தார். பணம் நிறுத்தப்பட்டுவிட்டது.

"கூரியர் ரசீத அனுப்பிடலாம்க்கா. நாமதான் ஜெயிப்போம்" என்றாள் பிரவீனா.

ஜெயிக்க லில்லிக்கு மனசில்லை. அந்தப் பாவாடையைத் தைத்தபோது சுகாசினியின் வீட்டைக்கூட அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். வாட்ஸப்பில் கூப்பிட்டாள்.

"மேடம், நான் காஞ்சிபுரத்துலருந்து லில்லி பேசறேன். பாவாட வந்து சேரலியா?"

"ஐயோ, வந்துடுச்சே! அழகா இருக்குங்க. ஏன் கேக்கறீங்க?"

"பணம் நீங்க கட்டலன்னு சொல்லிட்டீங்களாமே."

சுகாசினி கார்டு பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "கலையரசின்னு ஒரு பேர் பில்லுல வந்திருந்தது. யாரோ கார்டைத் திருடிட்டாங்கன்னு நெனச்சிட்டேன். யாருங்க அது?"

"நான்தாங்க" என்றாள் லில்லி. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

சுகாசினி வீடியோவைப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் சிவப்புப் பாவாடை கட்டிய அம்மன், லில்லி நினைத்ததைவிடக் குறும்பான முகத்தோடு நின்றாள். இருவரும் அவளையே பார்த்தார்கள். அன்றைக்கே சுகாசினி புகாரைத் திரும்பப் பெற்றார். பிறகு பணமும் வந்தது.

கடையின் பெயரை 'கலையரசி லில்லி' என்று மாற்றச் சொன்னாள் லில்லி. பில்லிலும் அதுவே வரும்படி பிரவீனா அந்தக் கம்பெனிக்கு எழுதிப்போட்டு மாற்றி வாங்கினாள். "யார்கூட குடும்பம் நடத்திக்கினு இருக்கேன்னே தெரியல" என்று ஜான்சன் கேலி செய்கிறான்.

போன வாரம் கப்பலில் சமையல் வேலை செய்யும் ஒருவர் கார்டில் பணம் கட்டினார். எந்த ஊர் என்று கேட்டதற்கு, இப்போது தண்ணீரில் இருக்கிறேன், சிங்கப்பூர் துறைமுகத்துக்கு அனுப்புங்கள் என்று எழுதினார். அவருடைய அம்மன் ஒரு விரல் உயரம்தான். லில்லி மாம்பழ நிறத்தில் மெல்லிய துண்டு ஒன்றை எடுத்தாள். கப்பல் ஆடும்போது நழுவாமல் இருக்க, உள்பக்கமாக ஒரு நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.