சுரண்டி அழித்த வருடம்

கண்ணாடி நெகடிவ் ஒன்றின் மூலையில் எழுதியிருந்த வருடத்தை நான் பிளேடால் சுரண்டி அழித்தேன். கைதவறி அல்ல... தெரிந்தே!

எழுபதுகளில் திருவண்ணாமலைக் கோயில் அருகே எனக்குப் படக்கடை இருந்தது. மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றிலிருந்து பழைய கண்ணாடி நெகடிவ்களை வாங்கியிருந்தேன். அவற்றில் ஒன்று, பெண்கள் வடம் பிடித்து இழுக்கும் அம்மன் தேர். அதைத் தபால் அட்டையாக அச்சிட்டேன். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் விரும்பி வாங்கினார்கள்.

ஒருநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து மரகதம் என்ற ஆசிரியை வந்தார்.

"இது எங்க அப்பா புடிச்ச படம்ங்க. முன்னாடி வடம் புடிச்சிருக்கறது எங்க அம்மா."

எனக்குச் சுருக்கென்றது. இவரை யார் அனுப்பியது? எதிர்க்கடைக்காரனா? பின்னால் வக்கீல் யாராவது நிற்கிறாரோ?

பழைய படத்துக்கு, எடுத்து ஐம்பது வருடம் வரைதான் உரிமை, பிறகு அது பொதுச்சொத்து என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அம்பது வருஷம் தாண்டிடுச்சும்மா. இனிமே யார் வேணா போடலாம்."

"அவ்ளோ ஜாஸ்தி இருக்காதுங்களே... அப்பா கண்ணாடி மூலையில வருஷம் எழுதி வெப்பாரு. பாக்கலாங்களா?"

"எங்கியோ உள்ள கெடக்குது. அடுத்த வாரம் வாங்க."

அவர் போனதும் எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது வருடம்தான் ஆகியிருந்தது! பிளேடைத் தேடினேன்...

மறுவாரம் அவர் நெகடிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இங்க ஏதோ அழிஞ்சாப்ல இருக்குதுங்களே?"

"பழசும்மா. அதுவா உரிஞ்சிருக்கும்."

என் முகத்தையே பார்த்தார். கண்டுபிடித்துவிட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓர் உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துப் பிரித்தேன்.

ஒரே வரி. 'படத்தின் கீழே அப்பா பெயரைப் போட்டால் போதும்: ம. தணிகாசலம்.'

பெயர்! அதைக் கேட்கத்தான் இரண்டு முறை பஸ் ஏறி வந்திருக்கிறார்... நான் கேட்க விட்டேனா?

அப்போதாவது போட்டிருக்கலாம். போடவில்லை. பெயரை ஒப்புக்கொண்டால் அடுத்து உரிமையையும் கேட்பார் என்று தோன்றியது. அந்த ஒரு வரியைக்கூட நான் நம்பவில்லை! நீங்களாக இருந்தால் நம்பியிருப்பீர்களா?

எண்பதுகளின் கடைசியில் ஐம்பது வருடம் உண்மையாகவே முடிந்தது. வேங்கிக்கால் அச்சகக்காரர் ஒருவர் காலண்டருக்காக அந்தப் படத்தைக் கேட்டு வந்தார்.

"எடுத்தவரு பேரு தெரிஞ்சா சொல்லுங்கண்ணே, கீழ போட்டுடறேன்."

சொன்னால் எனக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை! ஆனால்... அச்சில் பெயரைப் பார்த்தால் மரகதம் வந்து நிற்பார். தெரிந்தே மறைத்தீர்களா என்பார். ஒருவேளை இந்த ஆளை அனுப்பியதே அவர்தானோ?

"தெரியலப்பா" என்றேன்.

அச்சகக்காரர் நேர்மையானவர். 'படம் எடுத்தவர்: தெரியவில்லை' என்று அச்சிட்டார். ஒரு வருடம் முழுக்க அது இந்த மாவட்டத்து வீடுகளின் சுவர்களில் தொங்கியது. கீழ்பென்னாத்தூரிலும் தொங்கியிருக்கும்...