வேண்டாம் என்று சொன்ன ஃபில்டர்

டாக்ஸி ஸ்டாண்டில் அவளுக்கு ‘மிளகாய்’ என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டவன் முழுசாக வீடு போய்ச் சேரமாட்டான். நேரில் பார்த்தால் ‘அக்கா’. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

கோபம் ஒன்றும் அவளோடு கூடப் பிறந்ததில்லை. பேப்பர் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கணவருக்கு இடுப்பு விட்டுப்போய், இனிமேல் கனமாக எதையும் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன வருஷத்தில் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினாள். அன்று முதல், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த ஆம்பிளை ஒவ்வொருவனும் அவளுக்கு வாத்தியாராகிவிட்டான். “கியரை மாத்தும்மா.” “ஹாரன் அடிம்மா.” “அவனை முந்திட்டுப் போம்மா.” பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் வண்டியை ஓரம் கட்டி, சாவியைப் பின்னால் நீட்டி, “நீங்களே ஓட்டுங்க சார், நான் பின்னாடி உட்கார்ந்து சொல்லித் தரேன்” என்றாள். அந்த ஆளுக்கு வண்டி ஓட்டவே தெரியாது! அன்றைக்குத் தலைக்கேறிய கோபம் முழுசாக இறங்கவே இல்லை.

அந்தக் கோபம் அண்டாத ஒரே சவாரி டீச்சரம்மா. ரிட்டையரான கணக்கு டீச்சர். இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டதால் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியில் மெஷினுக்கு முறை வைத்திருந்தார்கள். தாமதமாகப் போனால் அந்த நேரம் போனதுதான். அடுத்த ஆள் வெளியே காத்துக்கொண்டிருப்பார். ரத்தம் அரைகுறையாகச் சுத்தமானால் டீச்சரம்மாவுக்குக் கால் வீங்கும், ராத்திரி மூச்சு வாங்கும். அதனால் அவள் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கல் உடைக்கிற கிரஷர் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் மரத்தில் இலைகூடச் சாம்பல் நிறம். அந்தப் புழுதியில் தினமும் போய்வருகிற வண்டிக்கு ஏர் ஃபில்டர்தான் மூக்கு என்பாள். கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே பேப்பர் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவாள்.

அவளுடைய தம்பி டெய்லர். நல்ல கைத்தொழில், நல்ல மனசு, போனில் எதைப் பார்த்தாலும் நம்புகிற தலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தான்.

“அக்கா, அந்தப் பேப்பர் ஃபில்டரைத் தூக்கிப் போடு. துணி ஃபில்டர் ஒண்ணு விக்கிறாங்க. கழுவிக் கழுவி ஆயுசுக்கும் போட்டுக்கலாம். காத்து நல்லா போகும், வண்டி பிச்சுக்கிட்டு ஓடும், மைலேஜும் கூடும்.”

“வேண்டாம்டா. நம்ம வண்டியில டர்போ இருக்கு. வேணுங்கிற காத்தை அதுவே இழுத்துக்கும். ஃபில்டர் சுத்தமா இருந்தாப் போதும். காத்து நல்லா போற ஓட்டையில தூசியும்தான் நல்லா போகும். அதுவும் அந்தத் துணியில எண்ணெய் தடவியிருக்கும். கொஞ்சம் கூடிப்போனா, காத்தை அளக்கிற சென்சார்ல போய் ஒட்டிக்கும். ரேஸ் ஓட்டறவன் போட்டுக்கட்டும். எனக்கு எதுக்கு?”

“துணியைப் பத்தி எனக்குத் தெரியாதாக்கா?”

“துணியைப் பத்தி உனக்குத் தெரியும். என் வண்டியைப் பத்தி எனக்குத் தெரியும். சோத்தைச் சாப்பிடு.”

கணவர் சிரித்தார். பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

ஒரு மாதம் கழித்து பிரேக் வேலைக்காக வண்டியை மெக்கானிக் ஷெட்டில் விட்டு எடுத்தாள். மறுநாளிலிருந்தே வண்டி மந்தமாக இருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் யோசித்து யோசித்துப் போனது. டீசலில் கலப்படம் என்று முடிவு கட்டி, பெட்ரோல் பங்க்கில் போய் ஒரு ஆட்டம் ஆடினாள். பம்ப் பிடிக்கிறவரை உண்டு இல்லை என்று ஆக்கினாள். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை; மூன்று நாள் டீசலைத் திட்டித் தீர்த்தாள். கணவர் பேப்பர் படித்துக்கொண்டு, “ம், ம்” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள், டீச்சரம்மாவை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது வண்டி சுத்தமாக இழுவையை விட்டுவிட்டது. இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து பாலத்தின் ஓரத்தில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கினாள். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றினாள்.

உள்ளே சிவப்புத் துணி ஃபில்டர். தலைக்கு எண்ணெய் வைத்த பிள்ளை மாதிரி சொட்டச் சொட்ட நின்றது. விரலை வைத்தாள், வழுக்கிக்கொண்டு போனது.

பாலத்தில் நின்று கத்தினால் யாருக்குக் கேட்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போன் போட்டு வேறு வண்டியை வரச் சொன்னாள். அது நெரிசலில் நீந்தி வந்து சேர்வதற்குள் டீச்சரம்மாவின் முறையில் பாதி போய்விட்டது.

“மன்னிச்சிடுங்க டீச்சரம்மா.”

டீச்சரம்மா பரவாயில்லை என்று சொல்லவில்லை. “இது யார் பண்ணின வேலைன்னு கண்டுபிடி. என் பங்குக்கும் சேர்த்துத் திட்டு” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

ஷெட்டுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். மெக்கானிக் சென்சாரைக் கழற்றினான். முடி மாதிரி மெல்லிய கம்பி. அதன்மேல் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பிசுக்காக அப்பியிருந்தது. காற்று சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அழுக்குக் கம்பி குறைச்சலாகச் சொல்ல, வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் அதை நம்பி டீசலைக் குறைத்திருக்கிறது.

“யார் மாட்டினது?”

மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்தான். துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தான். “தம்பிதான் கொண்டுவந்து குடுத்தாரு. பிரேக் வேலையோட சேர்த்து மாட்டச் சொன்னாரு. உங்க வீட்டுக்காரருக்கும் தெரியும்னாரு.”

அவள் போன் செய்தாள். தம்பியும் கணவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தம்பியின் முகம் செத்துப்போயிருந்தது.

“உனக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னுதான்கா செஞ்சேன். வண்டி நல்லா ஓடினதும் சொல்லலாம்னு இருந்தேன். கூட ஒரு பாட்டில் எண்ணெய் வந்துச்சு. தையல் மெஷினுக்குத் தினமும் எண்ணெய் விட்டாத்தானே ஓடும்? அந்த நினைப்புல பாட்டில் முழுக்க ஊத்திட்டேன்.”

“அது கழுவினதுக்கப்புறம் தடவற எண்ணெய். புதுசுல ஏற்கெனவே தடவித்தான் வரும்” என்றான் மெக்கானிக். இவ்வளவு தெரிந்தவன் மாட்டும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தானோ!

“சரி, அடுத்த தடவை அளவா தடவறேன்” என்றான் தம்பி.

அடுத்த தடவையாம்! அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“மூணு நாளா டீசலைத் திட்டிக்கிட்டு இருந்தேனே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? அந்தப் பங்க்காரர்கிட்ட நாய் மாதிரி கத்திட்டு வந்தேனே!”

கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “சொன்னா நீ கத்துவே. உன் கோபம் தெரியாதா? அதான் யாரும் வாயைத் திறக்கல.”

மெக்கானிக் தலையை ஆட்டினான். தம்பியும் ஆட்டினான். மூன்று பேர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. ஆக, தப்பு அவள் கோபத்தின் மேல்! ஃபில்டர் மேல் இல்லை, பாட்டில் மேல் இல்லை, பின்னால் கூடிக் கூடிப் பேசியவர்கள் மேல் இல்லை.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார்கள். கத்தவில்லை. அலமாரியிலிருந்து புது பேப்பர் ஃபில்டரைத் தானே எடுத்து மாட்டினாள். மெக்கானிக் ஸ்பிரே அடித்துக் காயவைத்த சென்சாரை வாங்கித் தானே பொருத்தினாள். ஸ்டார்ட் செய்து பார்த்தாள். விளக்கு எரியவில்லை, இன்ஜின் சீராக ஓடியது. பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

“நான் கத்துவேன்னு நீங்க சொல்லலை. சரி. அன்னிக்குச் சாப்பிடறப்போ வேண்டாம்னு சொன்னேனே, அது கத்தியா சொன்னேன்? எதுக்கு வேண்டாம்னு ஒண்ணொண்ணா, பொறுமையா சொன்னேன். கூட உட்கார்ந்து சாப்பிட்ட ரெண்டு பேர்ல யார் காதுல அது விழுந்துச்சு?”

மெக்கானிக் பானெட்டை இறக்கி மூடினான்.

டீச்சரம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது. அவள் வண்டியை எடுத்தாள். கணவரும் தம்பியும் ஏறுவதற்குக் கதவில் கை வைத்தார்கள்.

“ஆட்டோவுல வாங்க” என்றாள்.