அம்மா முகத்து மேல ஒரு 'அ'

அந்தப் பத்திரிகை அட்டையை இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. சென்னையில இருந்து வர்ற ஃபேஷன் பத்திரிகை. அதுவரைக்கும் இங்கிலீஷ்ல இருந்த அதோட பேருக்குத் தமிழ்ல தலைப்பு எழுத்து வரைஞ்சது நான். ஒரு பக்கம் கோடு கட்டைவிரல் தடிமன், மறுபக்கம் தலைமுடி மாதிரி மெல்லிசு. இங்கிலீஷ் பத்திரிகை அட்டைகள்ல பார்க்கிறோமே, அந்த ஜாதி எழுத்து. "தமிழ் எழுத்து குண்டும்மா. பட்டுப்புடவைக்கு மேல வச்சா அரிசி மூட்டையில அச்சடிச்ச மாதிரி இருக்கும்"னு ஆசிரியரம்மா முதல் நாளே சொன்னாங்க. அரிசி மூட்டைன்னா என்ன அவ்வளவு கேவலமா? எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. இரு, காட்டுறேன்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டுத்தான் பென்சிலையே கையில எடுத்தேன்.

எட்டு மாசம். 'ண'வோட மூணு சுழியும் சேர்ந்து ஒரு மாசம் என் உயிரை வாங்கிச்சு. மெல்லிசாக்கினா உடைஞ்சு போகுது, தடிப்பாக்கினா அடைச்சுக்குது. ஆனா தலைப்போட முதல் எழுத்து, அந்த 'அ', அது அமைஞ்சுது பாருங்க! நூல் மாதிரி சுழிச்சுக்கிட்டு வந்து, வலப்பக்கக் கால்ல தூணாட்டம் நிக்கும். ஆசிரியரம்மாவே அதை ரெண்டு தடவை வாங்கிப் பார்த்தாங்க.

அட்டைக்கு வயல்ல பட்டுப்புடவை கட்டின பொண்ணு வேணும்னாங்க. பாபநாசத்துக்கு அந்தாண்ட எங்கம்மா நடவுக்குப் போற வயலுக்கே கூட்டிக்கிட்டுப் போனேன். மாடல் பொண்ணு முன்னால நிக்க, பின்னால சேத்துல அம்மாவும் இன்னும் அஞ்சு பொம்பளைங்களும். "அந்தம்மா மட்டும் வரப்புல ஏறி, நாத்துக் கட்டோட நிமிர்ந்து நில்லுங்க"ன்னார் போட்டோ எடுக்கிறவர். அந்தம்மாதான் எங்கம்மா. மேகம் வந்தா நிறுத்து, வெயில் வந்தா நில்லுன்னு காலையில ஒன்பது மணியில இருந்து உச்சி வரைக்கும் நிக்க வச்சார். "குனிஞ்சு நட்டாக்கூட இடுப்பு இவ்வளவு கடுக்காதுடி"ன்னு அம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. அதுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரேஷன் கார்டுல இருக்கிற மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியாது, இதுல ஒழுங்கா வரட்டும்னுச்சு. புத்தகத்து அட்டையில வரப்போறேன்னு தெரு பூராவும் சொல்லி, பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லியாச்சு.

அட்டை தயாராகி கம்ப்யூட்டர்ல வந்தப்ப நான் முதல்ல பார்த்தது என் எழுத்தைத்தான். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. 'அ' ஜம்முனு நின்னுச்சு. அப்புறந்தான் அம்மாவைத் தேடினேன். குனிஞ்ச அஞ்சு பேரும் இருக்காங்க. வரப்பு மேல நாத்துக் கட்டு இருக்கு, அதைப் பிடிச்ச கை இருக்கு, கழுத்து இருக்கு. அதுக்கு மேல 'அ'வோட தடிச்ச கால். மெல்லிசுக் கோட்டுக்குப் பக்கத்துல ஒரு காது மட்டும் தோட்டோட தெரிஞ்சுது.

நேரா ஆசிரியரம்மா அறைக்குப் போனேன். "தலைப்பை நகர்த்துங்க."

"நகர்த்தினா மாடல் முகத்துல விழும்."

"விழட்டுமே!"

"என்ன விளையாடுறீங்களா? பின்னால நிக்கிறவங்கதானே அவங்க."

"அவங்க எங்கம்மா."

பாவம், அவங்களுக்கு அது தெரியாது. கேட்டுட்டு நிதானமாத்தான் சொன்னாங்க. "ஒண்ணு பண்ணலாம். இந்த இதழுக்குப் பழைய இங்கிலீஷ் தலைப்பையே போட்டுடறேன். அது சின்னது, மூலையில அடங்கிடும். அம்மா முகம் முழுசாத் தெரியும். உங்க எழுத்து அடுத்த இதழ்ல வரட்டும். மத்தியானம் அச்சுக்குப் போகணும், சொல்லுங்க."

அடுத்த இதழாம்! ஒரு தடவை இங்கிலீஷுக்குப் போனா இவங்க திரும்பி வருவாங்களா? எட்டு மாசம். கண்ணு பூத்துப் போற அளவுக்கு வரைஞ்ச எழுத்து. அம்மாவுக்கு என்ன, இன்னொரு நாள் நானே நல்லதா ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துட்டாப் போச்சுன்னு அந்த நிமிஷத்துல தோணுச்சு எனக்கு. அப்படித் தோணின புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

"இப்படியே போகட்டும்"னேன்.

புத்தகத்தை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போனேன். அந்த அஞ்சு பேரும் எங்க வீட்டுல வந்து உட்கார்ந்திருந்தாங்க. அவங்கவங்க முதுகை அவங்கவங்க கண்டுபிடிச்சு ஒரே சிரிப்பு. அம்மா ஈரக்கையை முந்தானையில துடைச்சுட்டு வாங்கிப் பார்த்துச்சு.

"நான் எங்கடி?"

"இந்தக் கை உன்னுதும்மா."

"கை தெரியுது. மூஞ்சி?"

அட்டையைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டுபோச்சு. அதுவே கண்டுபிடிச்சிருச்சு. "எந்தக் கட்டையில போறவன் எழுத்தைக் கொண்டாந்து மனுஷி மூஞ்சி மேல வச்சான்? கண்ணு அவிஞ்சா போச்சு அவனுக்கு? அரை நாள் நின்னேனே! நீ அங்கதானே வேலை பாக்குற, ஏன் என்னன்னு கேக்க மாட்டியா?" மத்த பொம்பளைங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. திட்டுன்னா அப்படி ஒரு திட்டு. ஆமாம்மா, படுபாவிங்கன்னு நானும் கூடச் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோட தீர்ந்திருக்கும்.

"எழுத்தை எடுத்துடறேன்னுதாம்மா சொன்னாங்க. அது நான் வரைஞ்சது. நான்தான் எடுக்க வேண்டாம்னுட்டேன்."

அம்மா அட்டையை இன்னொரு தடவை பார்த்துச்சு. "எழுத்து நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லி, புத்தகத்தைப் பக்கத்துல இருந்தவங்க கையில குடுத்துட்டு எந்திரிச்சு உள்ள போயிருச்சு.